கரையில் காய்ந்தது கண்காணாத ஊருக்கு: புதுச் சந்தை தேடுவோருக்கு ஒரு வழிகாட்டி

கீழக்கரைக் கடலில் மூழ்கி எடுத்த சங்கு நம் வீடுகளில் எதற்குப் பயன்பட்டது? பூசையில் ஊதினோம், பிள்ளைக்குப் பால் புகட்டினோம், வாசற்படியில் பதித்தோம். ஒரு வீட்டுக்கு ஒன்று போதும், அது தலைமுறைக்கும் கிடக்கும். அப்படிப்பட்ட பண்டத்தை வைத்து உள்ளூரில் எவ்வளவுதான் விற்க முடியும்? வங்காளத்திலோ கல்யாணமான பெண்கள் கையில் வெள்ளைச் சங்கு வளையல் போடுவது வழக்கம். வளையல் உடையும், மறுபடி வாங்கியாக வேண்டும். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் புது ஜோடி வேண்டும். நம் கரையின் சங்கு மூடை மூடையாகக் கப்பலேறி டாக்காவுக்கும் கொல்கத்தாவுக்கும் போனது அந்த வளையலுக்காகத்தான்.

புதுமை என்றதும் இயந்திரம், செயலி, ஆராய்ச்சிக்கூடம் என்று நினைத்து ஒதுங்குகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தச் சங்கைப் பற்றித்தான். நான் பாம்பன் பக்கம் கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். தங்கச்சிமடம், தேவிபட்டினம், தொண்டி, சாயல்குடி என்று பல ஊர்களிலிருந்து இளைஞர்களும் மகளிர் குழுக்காரர்களும் வந்து, "வெளியூருக்கு விக்கணும்ணே, எங்கேருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்கிறார்கள். அவர்களிடம் வாய்மொழியாகச் சொல்வதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். பெரும்பாலும் கருவாட்டை வைத்தே சொல்வேன், எனக்குக் கைவந்தது அதுதான். முண்டு மிளகாய் வத்தல், கருப்பட்டி, கடற்பாசி எதுவானாலும் வழி ஏறக்குறைய இதேதான்.

இந்தக் கரைக்கு வெளியூர்ச் சந்தை புதிதில்லை. வைகை கடலில் சேருமிடத்தில் இருக்கும் அழகன்குளத்தில் அகழாய்வு செய்தபோது ரோமானிய நாணயங்களும், கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் கிடைத்தன. பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன. நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கப் போவதில்லை, விட்டுப்போன பழக்கத்தை எடுத்துப் பிடிக்கிறோம்.

முதல் வேலை: பன்னிரண்டு மாதக் கணக்கு

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். மாதத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அந்த மாதத்தில் உங்கள் கைக்கு எது வரும், எது வராது என்று எழுதுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அப்போது நாட்டுப்படகு மீன்தான், விலையும் ஏறும். ஐப்பசி, கார்த்திகையில் மீன் கிடைத்தாலும் வெயில் கிடைக்காது, களத்தில் எதுவும் காயாது. வத்தல் மாசி, பங்குனியில் வரத்து. பதநீர் பங்குனிக்கு மேல் ஆடி வரை.

இதை எழுதாமல் ஆர்டர் பிடிக்கக் கிளம்பினால், வருடம் முழுவதும் மாதம் ஐம்பது கிலோ தருகிறேன் என்று சென்னைக் கடைக்காரரிடம் வாய்விட்டுவிட்டு, கார்த்திகையில் போனை எடுக்க முடியாமல் உட்கார வேண்டியிருக்கும். எந்த மாதம் தர முடியாது என்று முதல் நாளே சொல்லிவிடுகிறவரைக் கடைக்காரர்கள் நம்புகிறார்கள். இதை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

இரண்டாவது: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்று நினைவிருந்தால் போதும் என்றால், அது இதுதான். வியாபாரத்தில் மாற்றக்கூடியவை இரண்டு: விற்கிற பண்டம், வாங்குகிற ஆள். பழைய பண்டத்தைப் புது ஆளுக்கு விற்கலாம். புதுப் பண்டத்தைப் பழைய ஆளுக்கு விற்கலாம். புதுப் பண்டத்தைப் புது ஆளுக்கு விற்பது எல்லாவற்றிலும் ஆபத்து அதிகமான வழி. பழைய பண்டத்தைப் பழைய ஆளுக்கே விற்பதையும் சேர்த்து, இகோர் ஆன்சாஃப் என்ற மேலாண்மை அறிஞர் 1957இல் இதை நான்கு கட்டமாகப் போட்டுக் காட்டினார். இன்றும் வணிகக் கல்லூரிகளில் அந்தக் கட்டத்தைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

எனக்கு இது பணம் போன பிறகுதான் புரிந்தது. கருவாட்டைத் தொக்காக்கிப் பாட்டிலில் அடைத்து, அதுவரை ஒருவரையும் தெரியாத பெங்களூருக்கு இருநூறு பாட்டில் அனுப்பினேன். பாதிக்கு மேல் திரும்பி வந்தது. காரம் அதிகமா, எண்ணெய் பிடிக்கவில்லையா, விலை கூடவா, கடை இருந்த இடம் தப்பா என்று எதுவும் பிடிபடவில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றியதால் தோல்வி எதையும் கற்றுக்கொடுக்காமல் போய்விட்டது. அதே தொக்கை, ஏற்கெனவே என்னிடம் நெத்திலி வாங்கிக்கொண்டிருந்த மதுரை வீடுகள் பதினைந்துக்கு முதலில் கொடுத்திருந்தால், ஒரே வாரத்தில் "உப்பு தூக்கலா இருக்கு" என்று சொல்லியிருப்பார்கள். பின்னால் அப்படித்தான் செய்தேன், அப்படித்தான் சொன்னார்கள்.

சங்கும் முதல் வகைதான். நம் கரையிலிருந்து போனது பழைய பண்டம். மாறியது அதை வாங்கிய ஊர்.

மூன்றாவது: வாங்குவதை நிறுத்தியவரிடம் பேசுங்கள்

வாங்கிக்கொண்டிருப்பவர் நல்லா இருக்கு என்று சொல்வார். மரியாதைக்கும் சொல்வார். வேண்டியது நிறுத்தியவரின் காரணம். ராமநாதபுரத்திலிருந்து கோயம்புத்தூருக்குக் குடிபோன ஓர் அக்கா, ஊருக்கு வரும்போதெல்லாம் இரண்டு கிலோ வாங்கிப் போவார். திடீரென்று வாங்குவதை விட்டுவிட்டார். போனில் கேட்டேன்.

"விலை கூடிப்போச்சாக்கா?"

"அதெல்லாம் இல்ல தம்பி. அடுக்குமாடி வீடு. தலை கிள்ளி, குடல் எடுத்து, மண்ணுபோக நாலு தண்ணியில அலசுறதுக்குள்ள அந்தத் தளம் முழுக்க வாடை போயிருது. பக்கத்து வீட்டுக்காரங்க முகத்தைச் சுளிக்கிறாக. பிரிட்ஜுல வச்சா பாலும் சேர்ந்து நாறுது. எனக்கும் ஆசைதான், என்ன செய்ய?"

இதில் எத்தனை புதுமைக்கு இடம் இருக்கிறது பாருங்கள். தலை, குடல் நீக்கிக் கொடுப்பது ஒன்று. மண்ணே படாமல் காயவைப்பது இன்னொன்று. ஒருவேளைக் குழம்புக்கு ஆகும் நூறு கிராம் சிறு பொட்டலம், பிரித்தால் மிச்சம் வைக்க வேண்டிய தேவையே இல்லை. வாடை வெளியே வராத பை. நான் எந்த ஆராய்ச்சியும் செய்யவில்லை. அந்த அக்கா சொன்ன நான்கு குறைகளையும் ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன், அதுவே என் பண்டத்தின் புது வடிவமாயிற்று.

இப்படிப் பத்துப் பேரிடம் பேசுங்கள். வாங்குவீர்களா என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். கடைசியாக எப்போது கருவாட்டுக் குழம்பு வைத்தீர்கள், எங்கே வாங்கினீர்கள், சமைக்கும்போது எது தொந்தரவாக இருந்தது என்று நடந்ததைக் கேளுங்கள்.

நான்காவது: களத்தை மாற்றுவது

நம் கரையில் கருவாடு கடல் மணலிலோ பழைய வலை விரித்தோ காய்கிறது. மண் ஒட்டும், நாயும் காக்கையும் வரும், ஈ முட்டையிடும். உள்ளூர்ச் சந்தையில் இதை யாரும் கேட்கமாட்டார்கள். வெளியூர்க்காரர் ஒரே ஒரு முறை பல்லில் மண் கடிபட்டால் திரும்ப வரமாட்டார்.

இடுப்பு உயரத்துக்குச் சவுக்குக் கம்பு நட்டு, மேலே நைலான் வலை இழுத்துக் கட்டிப் பரண் போடுங்கள். காற்று மேலேயும் கீழேயும் போவதால் சீக்கிரம் காயும், மண் படாது. ஈக்குக் கொசுவலை போர்த்தலாம். உப்புப் போடும்முன் மீனை நல்ல தண்ணீரில் அலசுவதும், தூசியும் கசடும் இல்லாத உப்பை எடுப்பதும், அடைக்கிற தொட்டியைத் தினமும் கழுவுவதும் செலவில்லாத வேலைகள், ஆனால் நிறத்தில் பெரிய வித்தியாசம் தெரியும். கையில் கொஞ்சம் முதல் சேர்ந்த பிறகு சூரிய உலர்த்தி பற்றி யோசிக்கலாம். கொச்சியில் இருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் மீன் உலர்த்துவதற்கென்றே அவற்றை வடிவமைத்திருக்கிறது. வெயில் இல்லாதபோது மாற்று வெப்பத்துக்கு வழி உள்ள வகைகளில் மழைக்காலத்திலும் வேலை நடக்கும் என்பதால் நீங்கள் நோட்டில் வெறுமையாக விட்ட மாதங்கள் சில நிரம்பும்.

காய்ச்சல் போதாத கருவாட்டைப் பையில் அடைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு. களத்தில் மொறமொறப்பாகத் தெரிந்தாலும் நடுமுள்ளை ஒட்டி ஈரம் நிற்கும். காயவைத்ததும் ஒரு ராத்திரி மூடி வைத்து, ஈரம் வெளியே பரவிய பிறகு மறுநாள் இன்னொரு வெயில் காட்டுங்கள். காற்றுப் புகாத பையில் ஈரம் இருந்தால் பத்து நாளில் பூஞ்சை பிடிக்கும். ஒரே அடுக்குப் பிளாஸ்டிக் பையில் வாடை கசியும். சில கூரியர் அலுவலகங்கள் கருவாட்டு வாடை தெரிந்தாலே பார்சலை எடுக்கமாட்டார்கள், அதனால் பல அடுக்குப் பை கட்டாயம். மீனின் முள் பையைக் குத்தி ஓட்டை போடும், ஆகவே பாறை, சீலா போன்றவற்றை முதலில் தாளில் சுற்றிவிட்டு அடையுங்கள்.

வத்தல் விற்பவர்களுக்கும் இதே பாடம். ரோட்டில் காயும் மிளகாயில் தூசி ஒட்டும், ராத்திரிப் பனியில் நனைந்தால் பூஞ்சை நஞ்சு உண்டாகும். வெளிநாட்டுக்குப் போகும் வத்தலில் பூச்சிமருந்து மிச்சத்தையும் இந்த நஞ்சையும்தான் முதலில் சோதிக்கிறார்கள். தார்ப்பாய் விரிப்பதும், பொழுது சாய்ந்ததும் வாரி மூடுவதும் சந்தையைத் திறக்கிற வேலை என்று நினைத்துச் செய்யுங்கள்.

ஐந்தாவது: ஒரு கிலோவுக்குக் கணக்கு

கணக்குப் புரிவதற்காக ஓர் எண் வைத்துக்கொள்வோம், நடப்பு விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். பச்சை நெத்திலி கிலோ 100 ரூபாய். ஏறக்குறைய நான்கு கிலோ காய்ந்தால் ஒரு கிலோ என்று கொண்டால் மீனுக்கு 400. தலை கிள்ளும் கூலி 60, உப்பும் பிறவும் 15. ஆக 475. சல்லடையில் தூளும் உடைசலும் பத்தில் ஒரு பங்கு கழியும், அதைச் சேர்த்தால் நல்ல சரக்கு ஒரு கிலோவின் அடக்கம் 528. நூறு கிராம் பை பத்துக்கும் ஒட்டுச்சீட்டுக்கும் 60, அனுப்பும் செலவு 70. மொத்தம் 658 ரூபாய்.

கடையில் கிலோ 1000 ரூபாய்க்கு விற்றால் கடைக்காரர் பங்கு 25 சதவீதம் போக உங்களுக்கு 750 வரும், மிச்சம் 92. நேரடியாக வீட்டுக்கு விற்றால் மிச்சம் 342. ஆனால் கடை ஒரே நாளில் இருபது கிலோ எடுக்கும், வீடுகளுக்கு அதை விற்க இருநூறு பொட்டலம் கட்ட வேண்டும். கடைக்காரர் காசு நாற்பத்தைந்து நாள் கழித்துத் தருவார், படகுக்காரருக்கு நீங்கள் கொடுப்பதோ ரொக்கம். இந்த இடைவெளியில்தான் பலர் வட்டிக்கு வாங்கி மூழ்குகிறார்கள். முதல் வருடம் பாதிக்கு மேல் நேரடி விற்பனையாக வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் அபிப்பிராயம். உங்கள் உழைப்புக்குக் கூலி போடாமல் லாபம் என்று சொல்லாதீர்கள், முக்கியமாக மகளிர் குழுக்கள்.

ஆறாவது: காகிதங்கள்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம், தரகருக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. உணவுப் பண்டம் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும், அந்த 14 இலக்க எண் பையில் அச்சாக வேண்டும். பையில் பண்டத்தின் பெயர், உங்கள் பெயர், முகவரி, நிகர எடை, அதிகபட்ச விலை, அடைத்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், புகார் சொல்ல எண் இவையும், சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் என்ற அசைவக் குறியும் இருக்க வேண்டும். பெயர் நிலைத்த பிறகு வணிக முத்திரை பதியுங்கள். சிறுதொழில் செய்வோருக்கு இணையவழிக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4500 ரூபாய். கருவாடு 29ஆம் வகுப்பு, மிளகாய்ப் பொடியும் கருப்பட்டியும் 30ஆம் வகுப்பு.

ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023 பிப்ரவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயரைப் பையில் போட்டாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் குறியீட்டை முறையாகப் பயன்படுத்த, சென்னையில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனராக உங்கள் பெயரைப் பதிய வேண்டும். கடனும் மானியமும் பற்றிய விவரத்துக்கு மாவட்டத் தொழில் மையம் போங்கள், ஆனால் மானியம் வரும் என்று நம்பி ஆர்டருக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஏழாவது: எந்த ஊருக்கு முதலில்?

நம் ருசி தெரிந்தவர்கள் இருக்கும் ஊரே முதல் படி. சென்னை, கோயம்புத்தூர், திருப்பூர் போன்ற ஊர்களில் நம் மாவட்டத்துக்காரர்கள் நிறைய. அவர்களுக்குக் கருவாடு எது என்று விளக்க வேண்டியதில்லை. அடுத்தது வளைகுடா. கீழக்கரை, தேவிபட்டினம் பக்கத்துக் குடும்பங்களில் துபாயில் ஆள் இல்லாத வீடு குறைவு. நாட்டைத் தாண்டி அனுப்ப, பத்து இலக்க ஏற்றுமதிக் குறியீட்டு எண் வேண்டும், கட்டணம் 500 ரூபாய். மீன் பண்டத்துக்குக் கொச்சியில் உள்ள கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்திலும், வத்தலுக்கு நறுமணப் பொருள் வாரியத்திலும் பதிய வேண்டும். மீனுக்குச் சுகாதாரச் சான்று, கூடத்துக்கு அனுமதி என்று கெடுபிடி அதிகம். அதனால் ஏற்கெனவே உரிமம் உள்ள ஏற்றுமதியாளருக்குச் சரக்குக் கொடுத்து முதலில் கற்றுக்கொள்ளுங்கள். கருப்பட்டி, வத்தல் பொடி மாதிரி சிறு பார்சல்களை அஞ்சலக ஏற்றுமதி மையங்கள் வழியாக அனுப்பிப் பழகலாம்.

இதைவிட என்னை ஈர்ப்பது மூன்றாவது வழி. அசாமில் மோரிகான் மாவட்டத்து ஜாகிரோடு என்ற ஊரில் ஆசியாவின் பெரிய கருவாட்டுச் சந்தைகளில் ஒன்று நடக்கிறது. குஜராத் வரையிலிருந்து அங்கே சரக்கு வந்து இறங்குகிறது, வடகிழக்கு மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் பிரிந்து போகிறது. அங்கே கருவாட்டை மறைத்துச் சமைப்பவர்கள் இல்லை, தினசரிச் சாப்பாட்டில் அது இருக்கிறது. சங்கு போன அதே திசை என்று நினைக்கும்போது எனக்கு ஒரு சந்தோஷம். ஆனால் அங்கே எந்த மீன், எவ்வளவு உப்பு, எந்தக் காய்ச்சல் என்பது வேறு. ரயிலேறிப் போய் இரண்டு நாள் சந்தையில் நின்று பார்க்காமல் ஒரு மூடைகூட அனுப்பக் கூடாது.

எட்டாவது: ஒரே காலில் நிற்காதீர்கள்

மண்டபம் பக்கம் பாசி வளர்ப்பைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கப்பாபைகஸ் என்ற பாசியை 2000ஆம் ஆண்டு வாக்கில் பெப்சி நிறுவனம் ஒப்பந்த முறையில் இங்கே பயிரிட வைத்தது. மூங்கில் தெப்பத்தில் விதைப்பாசி கட்டி மிதக்கவிட்டால் நாற்பத்தைந்து நாளில் அறுப்பு. காய்ந்த பாசி, உணவைக் கெட்டியாக்கப் பயன்படும் கராஜீனன் எடுக்கும் ஆலைக்குப் போனது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது. 2013க்குப் பிறகு பயிர் பெருமளவு மடிந்து விளைச்சல் சரிந்தபோது, அந்த ஒரு பாசியையும் ஒரு கொள்முதல்காரரையும் மட்டுமே நம்பியிருந்தவர்கள் அதிகம் பட்டார்கள்.

புதுமை அதற்குள்ளேயே இருந்தது. காயவைக்காத பாசியைப் பிழிந்து சாற்றைப் பயிருக்கு ஊட்டமாகவும், சக்கையைக் கராஜீனனுக்காகவும் பிரிக்கும் முறையை மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. ஒரு பண்டத்துக்கு இரண்டு சந்தை கிடைத்தது. ராமநாதபுரம் மாவட்டத்து வலமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கடற்பாசிப் பூங்கா அமைக்க 2023இல் அடிக்கல் நாட்டினார்கள். பாசியில் இறங்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்: இதே கப்பாபைகஸ் குருசடைத் தீவுப் பக்கம் பவளத்தின் மேல் படர்ந்தது பதிவாகியிருக்கிறது. எங்கே தெப்பம் கட்டலாம் என்று மண்டபத்தில் மீன்வளத் துறையிடம் கேட்காமல் கட்டாதீர்கள்.

இறால் பண்ணைக்காரர்களைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது 50 சதவீத வரி போட்டபோது, அந்த ஒரு நாட்டையே நம்பியிருந்தவர்களுக்கு மாற்று வழி தேட அவகாசம் இல்லை. எந்த ஒரு வாங்குபவரும் உங்கள் விற்பனையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுச் சந்தை காட்டுகிறேன் என்று வருகிற தரகர்களில் சிலர் கடல் அட்டை, கடல் குதிரை, பவளம் பற்றிப் பேசுவார்கள். இவை 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. பிடித்தாலும் வைத்திருந்தாலும் சிறை. பேச்சை அந்த இடத்திலேயே நிறுத்தி எழுந்து வந்துவிடுங்கள். எத்தனையோ நல்ல பையன்களின் வாழ்க்கை இதில் வீணாகிப் போனது என் மனதை விட்டு அகலவில்லை.

கடைசி வேலை: இரண்டாவது ஆர்டர்

முதல் ஆர்டர் உறவுக்காகவும் வரும், ஆசைக்காகவும் வரும். அதனால் முதல் விற்பனையைக் கணக்கில் பெரிதாக எடுக்காதீர்கள். சரக்குப் போய்ச் சேர்ந்த இருபதாவது நாள் போன் போடுங்கள். எத்தனை பொட்டலம் பிரித்தீர்கள், வீட்டில் யார் சாப்பிட்டார், யார் தொடவில்லை என்று இந்த மூன்றை மட்டும் கேட்டு, வாங்கியவர் பெயருக்கு நேரே நோட்டில் எழுதுங்கள். முப்பது பேருக்கு அனுப்பி, நீங்கள் கேட்காமலே பத்துப் பேர் திரும்ப ஆர்டர் கொடுத்தால் அடுத்த மாதம் சரக்கை இரட்டிப்பாக்கலாம். ஐந்துக்குக் கீழே நின்றால் சரக்கைக் கூட்டாதீர்கள். திரும்ப ஆர்டர் கொடுக்காதவர்களில் யாராவது ஒருவர் அந்தக் கோயம்புத்தூர் அக்கா மாதிரி மனம்விட்டுப் பேசுவார். அவருக்கு முதலில் போன் போடுங்கள், மத்தியானச் சமையல் முடிந்த நேரமாகப் பார்த்து.